கணைய அழற்சிக்குப் பிறகு: சின்ன நாய்க்கு என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது

ட்ரிப்ஸ் ஏற்றி, ஊசி போட்டு, வாந்தி அடங்கி நாய் வீட்டுக்கு வந்துவிட்டது. மருந்துச் சீட்டின் அடியில் சாப்பாட்டைப் பற்றிப் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: கொழுப்பு குறைந்த உணவு கொடுக்கவும். அந்த ஒரு வரியை நம் சமையலறையில், நம் வீட்டு மனிதர்களை வைத்துக்கொண்டு, தினமும் எப்படி நடத்துவது என்பதுதான் இந்த அத்தியாயம். நோய் திரும்பி வருமா என்பதில் சாப்பாட்டுத் தட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தத் தட்டு உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

முதலில், உள்ளே நடந்தது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கணையம் இரைப்பைக்குப் பக்கத்தில், சிறுகுடலின் தொடக்கத்தை ஒட்டிக் கிடக்கும் மெல்லிய உறுப்பு. கொழுப்பு, புரதம், மாவுச்சத்து மூன்றையும் உடைக்கும் நொதிகள் அங்கே சுரக்கின்றன. இன்சுலினும் அங்கிருந்துதான் வருகிறது. புரதத்தை உடைக்கும் நொதி தூங்கும் வடிவத்தில் கிளம்பி, சிறுகுடலுக்குப் போன பிறகுதான் விழிக்க வேண்டும். கணைய அழற்சியில் அது கணையத்துக்குள்ளேயே விழித்துவிடுகிறது. உறுப்பு தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. நாய் முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தை மட்டும் உயர்த்தி அப்படியே நின்றதைப் பார்த்திருப்பீர்கள். சோம்பல் முறிப்பது போலத் தெரியும். வயிற்று வலி தாங்காமல்தான் அது அப்படி நிற்கிறது.

மினியேச்சர் ஷ்னாசர், யார்க்‌ஷயர் டெரியர், காக்கர் ஸ்பேனியல், டாஷண்ட் ஆகிய இனங்களில் இது கூடுதலாக வருகிறது. பொமரேனியனுக்கும் ஷிட்ஸுவுக்கும் நாட்டு நாய்க்கும் வராது என்று இல்லை. உடல் பருமன், ரத்தத்தில் கூடிய ட்ரைகிளிசரைடு, குப்பைத் தொட்டியில் மேய்ந்தது, ஒரே வேளையில் உள்ளே போன கொழுப்பான சாப்பாடு எல்லாம் காரணமாகலாம். வலிப்புக்குக் கொடுக்கும் பொட்டாசியம் புரோமைடு போன்ற சில மருந்துகளுக்கும் இதில் தொடர்பு உண்டு. உங்கள் நாய் வலிப்பு மருந்து சாப்பிட்டால், அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பல நாய்களில் காரணம் கடைசிவரை பிடிபடுவதே இல்லை. அதற்காக உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். இனிமேல் கொடுப்பதில் கவனம் வைத்தால் போதும்.

பட்டினி போடாதீர்கள்

கணையத்துக்கு ஓய்வு வேண்டும், மூன்று நாள் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது பழைய முறை. இன்றும் பல வீடுகளில், சில மருந்தகங்களிலும்கூட, இது சொல்லப்படுகிறது. மருத்துவம் இப்போது அந்த இடத்தைத் தாண்டி வந்துவிட்டது. சாப்பாடே வராத குடலின் உட்சுவர் மெலிகிறது. அங்கே அடங்கியிருக்க வேண்டிய கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைய வழி கிடைக்கிறது. அதனால் வாந்தியை மருந்தால் அடக்கி, முடிந்தவரை இரண்டு நாளுக்குள் வாய்வழியாகவோ குழாய்வழியாகவோ சாப்பாட்டைத் தொடங்குவதே இன்றைய நடைமுறை. சின்ன நாய்க்கு இது இன்னும் முக்கியம். இரண்டு மூன்று கிலோ எடையுள்ள நாயின் உடலில் சேமிப்பு மிகக் குறைவு. நீண்ட நேரம் சாப்பிடாமல் கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும்.

ஆனால் வாயைத் திறந்து திணிப்பதும் கூடாது. ஊசிக்குழாயில் கரைத்து ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியலாம். இன்னொரு கேடும் இருக்கிறது. குமட்டல் இருக்கும்போது கட்டாயப்படுத்தி ஊட்டிய உணவை, குணமான பிறகும் நாய் வெறுத்து ஒதுக்கும். உதட்டை அடிக்கடி நக்குவது, எச்சில் வடிவது, வெறும் வாயோடு விழுங்குவது, தட்டைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்வது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். இவற்றைப் பார்த்தால் தட்டை எடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். குமட்டலை அடக்கவும் பசியைத் தூண்டவும் நல்ல மருந்துகள் இருக்கின்றன. 'அடம் பிடிக்கிறது' என்று நாம் நினைக்கும் பல நாய்களுக்கு உண்மையில் வயிறு புரட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் கணக்கு

எடை போடும் தராசு ஒன்று வேண்டும். சமையலறையில் மாவு நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். கைப்பிடி, கரண்டி என்ற அளவெல்லாம் பெரிய நாய்க்குச் சரிப்படும். ஐந்து கிலோ நாய்க்கு ஒரு கரண்டி கூடினாலும் குறைந்தாலும் பெரிய வித்தியாசம்.

படுத்து ஓய்வெடுக்கும் உடலுக்கு ஒரு நாளைக்கு எத்தனை கலோரி வேண்டும் என்பதைச் செல்போன் கால்குலேட்டரிலேயே போட்டுவிடலாம். நாயின் எடையை மூன்று முறை பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு வர்க்கமூலம், அதற்கு மறுபடியும் வர்க்கமூலம். பிறகு 70ஆல் பெருக்குங்கள். ஐந்து கிலோவுக்கு 5 × 5 × 5 = 125; வர்க்கமூலம் 11.18, மறுபடியும் வர்க்கமூலம் 3.34; எழுபதால் பெருக்க 234. மூன்று கிலோ நாய்க்கு இது 160, நான்கு கிலோவுக்கு 198, ஏழு கிலோவுக்கு 301. குணமாகி, பழையபடி நடமாடத் தொடங்கிய வளர்ந்த நாய்க்கு இதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தேவைப்படும். பாக்கெட்டில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பதைத்தான் இங்கே கலோரி என்கிறேன்.

இனி கொழுப்பு. இதுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். கண்டிப்பாக இருக்க வேண்டிய நாய்க்கு 1,000 கலோரிக்கு 20 கிராமுக்குள் கொழுப்பு என்பது பொதுவான வரம்பு. லேசாக வந்துபோன நாய்க்கு, மருத்துவர் சம்மதித்தால், 30 கிராம் வரை போகலாம். கண்டிப்பான வரம்பை நம் ஐந்து கிலோ நாய்க்குப் பொருத்திப் பாருங்கள். 234 கலோரி சாப்பிடும் நாளில் அதற்கு மொத்தம் 4.7 கிராம் கொழுப்பு. குணமாகி 350 கலோரி சாப்பிடும்போது 7 கிராம்.

ஒரு டீஸ்பூன் நெய்யில் ஏறக்குறைய 5 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதாவது, சோற்றின் மேல் 'மணத்துக்கு' விடும் அந்த ஒரு டீஸ்பூன் நெய்யிலேயே நம் ஐந்து கிலோ நாயின் ஒரு நாள் பங்கு முடிந்துவிடுகிறது. முழு முட்டை ஒன்றில் 5 கிராம், அத்தனையும் மஞ்சள் கருவில். ஒரு பத்தை தேங்காயில் 5 கிராம். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 14 கிராம். சாதுவாகத் தெரியும் மேரி பிஸ்கட் நான்கு கொடுத்தாலே 2 கிராமைத் தாண்டும். 'கொஞ்சம்தானே' என்ற சொல் சின்ன நாயின் விஷயத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை வீட்டில் எல்லோரும் இந்த எண்களைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பத்தியை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

முதல் வாரத்துச் சோறு

தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி, குழைய வேகவைத்த வெள்ளை அரிசிச் சோறு, கொஞ்சம் பரங்கிக்காய். உப்பு வேண்டாம், மசாலா வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; அவற்றைப் போட்டு வேகவைத்த சாறுகூட ஆகாது.

ஐந்து கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுமைக்கும் சோறு 100 கிராம், வெந்த கறி 60 கிராம், பரங்கிக்காய் 30 கிராம். எல்லாமே வெந்த பிறகு நிறுக்கும் எடை. ஏறக்குறைய 235 கலோரி கிடைக்கும். கொழுப்பு இரண்டரை கிராம்தான். உங்கள் நாயின் எடைக்கு ஏற்பக் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள். இந்த முழு அளவை முதல் நாளே வைக்கக் கூடாது. முதல் நாள் கால் பங்கு, மறுநாள் அரை, மூன்றாம் நாள் முக்கால், நான்காம் நாள் முழுவதும் என்று ஏற்றுங்கள். ஒவ்வொரு நாள் பங்கையும் ஐந்தாறு வேளையாகப் பிரித்துவிடுங்கள். முதல் நாள் ஒரு வேளைக்கு இரண்டு மூன்று தேக்கரண்டிதான் வரும். பார்க்கப் பரிதாபமாக இருக்கும். அந்த வயிற்றுக்கு அதுவே நிறைவு. எந்தக் கட்டத்திலாவது வாந்தி வந்தால் அளவை ஏற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

கறியை எங்கே வாங்குகிறீர்கள் என்பது முக்கியம். 'நாய்க்குத்தான் அண்ணே' என்று கேட்டால் கறிக்கடையில் குறைந்த விலைக்குக் கட்டிக் கொடுப்பது தோல், கழுத்து, ஈரல், கொழுப்புத் துண்டு. நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். கணைய அழற்சி வந்த நாய்க்கு அந்தப் பொட்டலம் அப்படியே ஆகாது. நெஞ்சுக்கறி என்று கேட்டு, தோலுரித்து வாங்கி, ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் கொழுப்பையும் கத்தியால் எடுத்துவிடுங்கள். கோழி வேண்டாம் என்றால் கிழங்கான் போன்ற கொழுப்புக் குறைந்த மீனை வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்துக் கொடுக்கலாம். மத்தியும் கானாங்கெளுத்தியும் நமக்கு நல்லவை. எண்ணெய் மிகுந்த மீன்கள் என்பதால் இந்த நாய்க்கு வேண்டாம்.

சோற்றில் வாசனை இருந்தால்தான் சாப்பிடும் என்றால், கறி வேகவைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அதை முதலில் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்தால் கோழிக் கொழுப்பு உறையாது. மேலே மினுமினுப்பாக மிதந்துகொண்டே இருக்கும். குளிரில் உறைந்து ஆடையாக நிற்பதை வழித்து எறிந்துவிட்டு, கீழே இருக்கும் சாற்றை வெதுவெதுப்பாக்கி இரண்டு ஸ்பூன் விடலாம்.

தயிர்ச் சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். வயிறு கெட்டால் தயிர்ச் சோறு என்பது நம் கை தானாகச் செய்யும் வேலை. ஆனால் 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலில் உறையூற்றிய தயிரில்கூட, கலோரிக் கணக்கில் பார்த்தால், 1,000 கலோரிக்கு ஏறக்குறைய 50 கிராம் கொழுப்பு வருகிறது. நம் வரம்போ இருபது. முழுக்கொழுப்புப் பாலும் எருமைப் பாலும் இன்னும் மோசம். கொடுத்தே தீர வேண்டும் என்றால் கொழுப்பு நீக்கிய பாலில் செய்த தயிர், அதுவும் ஒரு ஸ்பூன். பனீர், வெண்ணெய், சீஸ் எதுவும் கிட்டவே வரக் கூடாது.

சிலர் குடல் சுத்தமாகட்டும் என்று விளக்கெண்ணெய் ஊற்றுகிறார்கள். சிலர் முடி பளபளக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் கலக்கிறார்கள். எண்ணெய் எந்தப் பெயரில் வந்தாலும் கொழுப்புதான். மீன் எண்ணெய் மாத்திரையும் மருத்துவர் சொன்னால் மட்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் மலம் போகவில்லை என்றால் பயப்பட வேண்டாம். உள்ளே போனதே கொஞ்சம்தானே.

இந்தக் கோழிச் சோறு ஒரு தற்காலிக ஏற்பாடு என்பதை மட்டும் மறக்காதீர்கள். இதில் கால்சியம் போதாது; துத்தநாகம், தாமிரம், டி, இ வைட்டமின்கள் போதாது. உடலுக்கு இன்றியமையாத லினோலியிக் அமிலமும் போதாது. ஒன்றிரண்டு வாரம் இதில் ஓட்டலாம். மாதக்கணக்கில் இதையே கொடுத்தால் கணையத்தைக் காப்பாற்றி எலும்பையும் தோலையும் இழந்த கதையாகிவிடும். வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்பேன் என்பவர்கள் கால்நடை உணவியல் தெரிந்த ஒருவரிடம் அளவுகளை எழுதி வாங்க வேண்டும். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையை உடைத்துப் போடுவது அதற்கு ஈடாகாது.

பாக்கெட்டைப் படிக்கும் முறை

கடை உணவுக்கு மாறுவது பலருக்கும் எளிது. என் யோசனையும் அதுதான். கணையம் கெட்ட நாய்களுக்கென்றே தயாராகும் கொழுப்பு குறைந்த மருத்துவ உணவுகள், ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற நிறுவனங்களுடையவை, நகரங்களில் கிடைக்கின்றன. விலை அதிகம். ஐந்து கிலோ நாய்க்கு ஒரு பை நீண்ட நாள் வரும் என்பது ஓர் ஆறுதல். வாங்கும்போது பையின் மேல் 'லோ ஃபேட்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ராயல் கேனினில் 'கேஸ்ட்ரோஇன்டஸ்டைனல்' என்று மட்டும் எழுதிய பையும் உண்டு, 'கேஸ்ட்ரோஇன்டஸ்டைனல் லோ ஃபேட்' என்று எழுதிய பையும் உண்டு. முதலாவதில் கொழுப்பு இரண்டாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கடைக்காரர் அவசரத்தில் மாற்றி எடுத்துக் கொடுத்தால், வயிற்றுக்கு நல்லது என்று நினைத்தே தவறான உணவைப் போட்டுக்கொண்டிருப்போம்.

வேறு உணவு எதை வாங்கினாலும் பையிலிருக்கும் கொழுப்புச் சதவீதத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது. உலர் தீவனத்தில் ஈரம் பத்து சதவீதம்தான். டப்பா உணவில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோவில் எத்தனை கலோரி என்று பின்பக்கம் போட்டிருக்கும். கொழுப்புச் சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு கிலோவில் உள்ள கொழுப்பு கிராமில் கிடைக்கும். அதை ஒரு கிலோவின் கலோரியால் வகுத்து 1,000ஆல் பெருக்குங்கள். 16 சதவீதக் கொழுப்பும் கிலோவுக்கு 3,800 கலோரியும் உள்ள சாதாரண உலர் தீவனத்துக்கு 42 கிராம் வரும். 5 சதவீதக் கொழுப்பும் கிலோவுக்கு 1,000 கலோரியும் உள்ள டப்பாவுக்கு 50 கிராம். ஐந்து என்ற எண்ணைப் பார்த்து ஏமாந்தால், பதினாறைவிடக் கொழுப்பான உணவைக் கொடுத்திருப்போம். 7 சதவீதமும் 3,500 கலோரியும் இருந்தால் சரியாக 20 கிராம். நமக்கு வேண்டியது அந்த மாதிரிப் பை. இன்னொன்று: பையில் போட்டிருப்பது பெரும்பாலும் கொழுப்பின் குறைந்தபட்ச அளவு. உள்ளே அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஐயமிருந்தால் நிறுவனத்துக்கு எழுதி உண்மையான அளவைக் கேளுங்கள். குட்டிகளுக்கான தீவனம் இயல்பிலேயே கொழுப்பு மிகுந்தது. 'சின்ன நாய்க்கு' என்று நினைத்து அதை வாங்கிவிடாதீர்கள்.

கோழிச் சோற்றிலிருந்து புது உணவுக்கு ஒரு வாரத்தில் மாறுங்கள். முக்கால் பழையது கால் புதியது, பிறகு பாதிக்குப் பாதி, பிறகு கால் பழையது என்று மெல்ல நகர்த்துங்கள்.

வீட்டில் இருக்கும் எல்லாக் கைகளும்

சமையலில் தவறுவதைவிட, சமையலுக்கு வெளியேதான் அதிகம் தவறுகிறது. பாட்டி காபி குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரும் நாய்க்கு ஒரு பிஸ்கட். பிள்ளைகள் மேசைக்கடியில் நீட்டும் பூரித் துண்டு. வாட்ச்மேன் அண்ணன் பாசத்தோடு வைக்கும் பரோட்டா. ஞாயிற்றுக்கிழமை மட்டன் எலும்பு. ஒவ்வொன்றும் அன்பால் வருவது. அதனால்தான் 'கொடுக்காதீர்கள்' என்று மட்டும் சொன்னால் பலிப்பதில்லை. பாட்டிக்கு நாயோடு இருக்கும் உறவே அந்த ஒரு துண்டில்தான் இருக்கிறது.

ஒரு வழி நன்றாக நடக்கும். காலையிலேயே சின்ன டப்பாவில் அன்றைய தின்பண்டத்தைப் போட்டு வைத்துவிடுங்கள்: வெள்ளரித் துண்டு, வேகவைத்த கேரட், விதை நீக்கிய ஆப்பிள், எண்ணெய் தடவாத தட்டில் வெந்த இட்லியில் கால் பங்கு. யார் கொடுப்பதானாலும் அந்த டப்பாவிலிருந்துதான். தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகாமல் இருப்பது நல்லது. பாட்டியிடமே அந்த டப்பாவை ஒப்படைத்துவிட்டால், வீட்டிலேயே கறாரான காவலாளி அவர்தான்.

மாத்திரையை வெண்ணெயிலும் ஐஸ்கிரீமிலும் பொதிந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் மாற்றுங்கள். மசித்த வாழைப்பழமோ வெந்த உருளைக்கிழங்கோ ஒரு சுண்டைக்காய் அளவு போதும்.

குப்பைத் தொட்டிக்கு மூடி போடுங்கள். விருந்து நாளில் சாப்பிட்ட இலைகளை உடனே வெளியே எடுத்துவிடுங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருகிறவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும்: 'இவனுக்கு வயித்துல வியாதிங்க, ஒண்ணும் குடுக்காதீங்க.' நெய்யில் மிதக்கும் பொங்கலும் அதிரசமும் தாழ்வான டீப்பாயில் இருந்தால், நாம் திரும்பி வருவதற்குள் தட்டு காலியாகியிருக்கும்.

எவ்வளவு காலம்?

ஒரே ஒரு முறை, தெளிவான காரணத்தால், லேசாக வந்துபோன நாய் சில வாரங்களுக்குப் பிறகு மிதமான கொழுப்புள்ள உணவுக்குத் திரும்ப முடியும். இரண்டாம் முறை வந்த நாய்க்கும், ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு கூடியிருக்கும் நாய்க்கும் கொழுப்பு குறைந்த சாப்பாடு ஆயுள் முழுக்க. பருத்த நாயென்றால், குணமான பிறகு வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் குறையும்படி அளவை இறக்கலாம். ஆறு கிலோ நாய்க்கு அது 60 முதல் 120 கிராம். நோயில் கிடக்கும்போது இளைக்க வைக்கும் முயற்சி வேண்டாம்.

நோட்டுப் புத்தகத்தில் எடை, சாப்பிட்ட அளவு, வாந்தி, மலம் இவற்றைக் குறித்துக்கொண்டே வாருங்கள். இரண்டு முறைக்கு மேல் வாந்தி, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமை, மறுபடியும் முன்னங்கால்களை நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி நிற்பது, மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டு கிலோ நாய் சாப்பிடவில்லை என்றால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் வீட்டில் கொடுக்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போய், மலம் வெளிறி, பிசுபிசுப்பாக, அளவில் பெருத்து வந்தால், கணையம் நொதி சுரப்பதில் பின்தங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். சோற்றில் கலந்து கொடுக்க நொதித் தூள் இருக்கிறது. தண்ணீரை ஓயாமல் குடித்துச் சிறுநீரும் கூடினால் சர்க்கரை நோய்ப் பரிசோதனை தேவை.

ட்ரைகிளிசரைடு பார்க்க நாய் பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். மிகச் சின்ன நாய் அத்தனை நேரம் தாங்குமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு முடித்து, காலை முதல் ஆளாகப் பெயர் பதிந்துவிடுங்கள். போகும்போது அந்த வேளைச் சோற்றை நிறுத்து ஒரு டப்பாவில் எடுத்துப் போனால், ரத்தம் எடுத்த கையோடு மருத்துவமனை வாசலிலேயே ஊட்டிவிடலாம்.